அம்மா பாலடின் ஆன கதை

என் அம்மா எதையும் யோசித்துக்கொண்டு நிற்கிறவள் அல்ல. துணிக்கடையில் மூன்றாவது சேலையை விரிப்பதற்குள் முதல் சேலைக்குப் பில் போடச் சொல்லிவிடுவாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டது, என்னைப் பள்ளி மாற்றியது, தன் தங்கைக்கு மாப்பிள்ளை முடிவு செய்தது எல்லாமே ஒரு கட்டன் சாயா குடித்து முடிப்பதற்குள் நடந்தவை. அப்படிப்பட்டவள், உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு வீரனுக்கு என்ன இனம், என்ன உடல்வாகு என்று தீர்மானிக்க ஒரு மழைக்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டாள். அந்த மழைக்காலத்தில் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

எனக்கு அப்போது பதினோரு வயது. தக்கலைக்குப் பக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அப்பாவுக்கு வடசேரிச் சந்தையில் ஒரு காய்கறி மொத்தக் கடையில் வேலை. விடியுமுன் கிளம்பிவிடுவார், பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அம்மா அண்டியாபீசுக்குப் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல்கள் எப்போதும் கறுத்தே இருக்கும்.

அந்த ஐப்பசியில் பெரியப்பா மகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மஸ்கட்டில் பிறந்து வளர்ந்தவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். கொஞ்ச நாள் இங்கே தங்கிப் படிப்பாள் என்று மட்டும் பெரியவர்கள் எங்களிடம் சொன்னார்கள். பெரியப்பா மஸ்கட்டிலேயே இருந்தார். பெரியம்மா கேரளத்துக்காரி, அவள் மட்டும் நெய்யாற்றின்கரைக்கு அப்பால் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்காவும் அங்கே போயிருக்கலாமே என்று நான் அப்பாவிடம் கேட்டேன். அந்த வீட்டில் இடம் போதாது என்றார். எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு அறை.

அக்கா பேசமாட்டாள். கேட்டதற்கு ஆமாம், இல்லை என்பாள். மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வைத்தால் மீனை மட்டும் கிள்ளிவிட்டுத் தட்டை ஒதுக்கிவிடுவாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருக்கிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். பேருந்து நிறுத்தத்துக் கடைக்காரி அவளைப் பார்க்கும்போதெல்லாம், மலையாளத்திக்க மகள்தானே என்று என்னிடம் விசாரிப்பாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவேன்.

ஒரு சனிக்கிழமை என் தம்பி அக்காவின் பெட்டியைக் குடைந்தபோது ஒரு தடித்த புத்தகமும், ஒரு பை நிறைய விநோதமான பகடைகளும் அகப்பட்டன. நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று பல நிறத்தில் பளிங்குபோல இருந்தன. அடி விழப்போகிறது என்று நாங்கள் ஓடத் தயாராக இருந்தோம். அக்கா அடிக்கவில்லை. உட்காரச் சொல்லி, அது என்ன விளையாட்டு என்று விளக்கத் தொடங்கினாள். அவள் அத்தனை சொற்களைச் சேர்ந்தாற்போல் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். கதவைத் திறப்பதா, ஓடுவதா, வெட்டுவதா என்பதை நாம் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். நான் பாதி அரக்கியாக, கையில் கோடரியுடன் இருக்கத் தீர்மானித்தேன். அதற்கு எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தம்பி திருடன் ஆனான். ஒரு பாழடைந்த சுரங்கம், அதன் அடியில் ஒரு பறக்கும் நாகம், அது படுத்திருக்கிற தங்கக் குவியல் என்று எல்லாவற்றையும் அக்கா காகிதத்தில் வரைந்துவிட்டாள். ஒரு குறைதான். எங்கள் கூட்டத்தில் பாலடின் இல்லை.

பாலடின் என்றால் சபதம் எடுத்துக்கொண்ட வீரன். இரும்புக் கவசம் போட்டு, குதிரை ஏறி முன்னால் நிற்பான். சபதத்தைக் காப்பாற்றுகிறவரை அவன் கை பட்டால் காயம் ஆறும். அப்படி ஒருவர் இல்லாமல் சுரங்கத்தில் இறங்கினால் முதல் அறையிலேயே செத்துப்போவோம் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்பாவை எழுப்ப முடியாது. அந்த வருடங்களில் பொழுது இருட்டியதும் கரண்ட் போய்விடும், சரியாக அம்மாவின் சீரியல் நேரத்தில். அதனால் அம்மா கிடைத்தாள்.

எமர்ஜென்சி விளக்கைச் சுற்றி உட்கார்ந்தோம். முதலில் ரேஸ் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாள் அக்கா. ஓட்டப் பந்தயமா என்று அம்மா கேட்டாள். இல்லை, எந்த இனத்தில் பிறந்தவர் என்பது. விளையாட்டிலும் ஜாதி கேட்பார்களா என்று அம்மா சிரித்தாள். அப்படி இல்லை சித்தி என்று அக்கா பதறிப்போய், மனிதர், காட்டில் வாழும் கூர்காதுக்காரரான எல்ஃப், குள்ளர் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். பாலடினுக்கு மனிதர்தான் எளிது என்றும் சொன்னாள்.

“மனுசி வேண்டாம் மக்கா. பகல் முழுக்க நான் அதாத்தானே இருக்கேன்” என்றாள் அம்மா. “இந்தக் குள்ளனுக்க கதையைச் சொல்லு, கேக்கட்டு.”

அக்கா குள்ளர்களின் கதையைச் சொன்னாள். மலைக்கு அடியில் அவர்கள் கட்டிய ஊர், அவர்களின் உலைக்களம், விஷம் குடித்தாலும் சாகாத வயிறு. பெண்களுக்கும் தாடி உண்டா என்று அம்மா கேட்டாள். அதைப் பற்றிப் புத்தகத்தில் இருந்த இரண்டு வரியை அக்கா தேடிப்பிடித்துத் தமிழில் சொன்னாள். சரி, குள்ளர் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. நாளைக்குச் சுரங்கத்தில் இறங்கிவிடலாம் என்று நான் கோடரியோடு படுத்தேன்.

மறுநாள் அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. அண்டியாபீசில் அன்று லோடு அதிகம், தலை கிறுகிறுக்கிறது, இன்னொருமுறை முதலிலிருந்து சொல் என்றாள். அக்கா முதலிலிருந்து சொன்னாள். குள்ளருக்குக் கால் குட்டையாயிற்றே, குதிரையில் எப்படி ஏறுவார் என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. எல்ஃப் என்று மாற்றினாள். அதற்கு அடுத்த நாள், எல்ஃபுக்கு உடம்பில் தெம்பு குறைவு என்றதும் வேண்டாம் என்றாள். இரண்டடி உயரத்தில் ஒரு சின்ன இனம் இருந்தது. அதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் விசாரித்துவிட்டு, இதுக்குச் சட்டை தைக்கத் துணி மிச்சந்தான், சண்டைக்கு ஆகாது என்று சொல்லி ஒதுக்கிவிட்டாள்.

உடல்வாகு அதைவிட மோசம். பலம், வேகம், தாங்கும் திறன், அறிவு, விவேகம், கவர்ச்சி என்று ஆறு கட்டங்கள். கிடைக்கிற புள்ளிகளை அவற்றில் பிரித்துப் போட வேண்டும். பாலடினுக்குப் பலத்திலும் கவர்ச்சியிலும் போட வேண்டும் என்பது எனக்கே தெரிந்திருந்தது. அம்மா சந்தையில் தக்காளி மாற்றுவதுபோல இதிலிருந்து எடுத்து அதில் போட்டாள், அதிலிருந்து எடுத்து வேறொன்றில் போட்டாள். அறிவுக்கும் விவேகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். அக்கா யோசித்து யோசித்து, மழை வரும் என்று தெரிவது அறிவு, குடை எடுத்துக்கொண்டு போவது விவேகம் என்றாள். அது கொள்ளாமே என்று அம்மா மெச்சியதும் அக்காவின் முகம் மலர்ந்தது. நான் விளக்கை அணைத்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரும்புக் கவசத்துக்குள் வேர்க்காதா? சபதம் எடுத்தால் மீன் தின்னலாமா? குதிரைக்கு யார் புல் அறுப்பது? ஒவ்வொரு கேள்விக்கும் அக்கா புத்தகத்தைப் புரட்டிப் பொறுமையாகப் பதில் சொன்னாள். பதில் நீண்டுகொண்டே போகும். அம்மா புட்டையும் பயறையும் அங்கேயே எடுத்துவந்து எல்லார் தட்டிலும் போடுவாள். பேசுகிற மும்முரத்தில் அக்கா தட்டைக் காலி செய்வாள். என் பாதி அரக்கி சுரங்க வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றாள்.

அப்பாவிடம் முறையிட்டேன். அம்மா வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே, சவத்தை விடு, போய்ப் படு என்றார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பெரியப்பா போனில் கூப்பிட்டார். சிக்னல் சரியாகக் கிடைக்காததால் அப்பா முற்றத்தில் நின்று பேசினார். வழக்கமாக அவர் பெரியப்பாவிடம் குரல் உயர்த்தமாட்டார். அன்று உயர்த்தினார்.

“நீ, அவ கொண்டு போகட்டும்னு சொல்லுற. அவ, நீ கொண்டு போகட்டும்னு சொல்லுறா. பிள்ளை எங்க போவா?”

உள்ளே எல்லாருக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது, ஆனால் எனக்கு அதில் அக்கறை இல்லை. கரண்ட் போய்விட்டது, விளக்கு எரிகிறது, எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம், இன்றைக்காவது தொடங்கிவிடலாம் என்று நான் பகடைகளைத் தரையில் வரிசையாக அடுக்கிவைத்திருந்தேன். அக்கா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமல் இருந்தாள். அம்மா விரல்களில் தேங்காயெண்ணெய் தேய்த்துக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அம்மா வாயைத் திறந்து, அந்தக் குள்ளனைப் பற்றி ஒருதரம் சொல்லேன் மக்கா என்றாள்.

நான் கத்திவிட்டேன். இன்று முடிவு செய்யாவிட்டால் இனி விளையாடவே மாட்டேன், அம்மாவுக்கு மூளையே கிடையாது, அரையாண்டுப் பரீட்சையும் வரப்போகிறது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். வேறு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

“இன்னும் சொல்லாம விட்டது எதாவது உண்டுமா மக்கா?” என்று அக்காவிடம் கேட்டாள்.

ஒன்று இருக்கிறது, ஆனால் அது நல்லதில்லை என்றாள் அக்கா. பாதி எல்ஃப். ஒவ்வொரு நாளும் அவள் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் நல்லதில்லை என்று அம்மா கேட்டாள்.

“அப்பா மனுசன், அம்மா எல்ஃப். அப்பாக்க ஆளுக கிட்ட போனா நீ எல்ஃபுன்னு சொல்லுவாங்க. அம்மாக்க ஆளுக கிட்ட போனா நீ மனுசின்னு சொல்லுவாங்க.” அக்கா புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “பலம் ஒண்ணும் கூடுதலா கிடைக்காது சித்தி. பாலடினுக்கு இத யாரும் எடுக்க மாட்டாங்க.”

“நான் எடுக்கேன். எழுது” என்றாள் அம்மா.

எனக்கு நம்பமுடியவில்லை. இத்தனை நாள் மலையடிவாரத்துக் குள்ளரிலிருந்து காட்டு எல்ஃப் வரைக்கும் குறை சொல்லிவிட்டு, இருப்பதிலேயே உதவாத ஒன்றை, ஒரு கேள்விகூடக் கேட்காமல், சேலை எடுப்பதுபோல எடுத்துவிட்டாள். நாகம் வந்தால் யார் தடுப்பது என்று நான் கேட்டேன். என் பேச்சு யார் காதிலும் விழவில்லை. புள்ளிகளை நீயே பார்த்துப் போடு, தாங்கும் திறனில் மட்டும் குறைக்காதே என்று அம்மா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம், அவளுக்கு வீடு எங்கே என்று கேட்டாள். இவர்களுக்கு வீடு இருக்காது, ஊர் ஊராகப் போவார்கள் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது என்றாள் அக்கா.

“அது கொள்ளாது. எங்க போனாலும் திரும்பி வாறதுக்கு ஒரு வீடு எழுது.”

“அதுக்கு இதுல கட்டம் இல்ல சித்தி.”

“கட்டம் இல்லன்னா வரைஞ்சுக்கோ.”

அக்கா பென்சிலை எடுத்தாள். காகிதத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்தாள். அதில் என்ன எழுதுவது என்று தெரியாதவள்போலக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனாள். முகம் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? நானும் தம்பியும் காத்திருந்தோம். அம்மாவும் எழுந்து அவள் பின்னால் போனாள். கரண்ட் வந்தது. டிவியில் ஏதோ பாட்டு தொடங்கி முடிந்தது. இரண்டு பேரும் வரவில்லை. நான் பகடைகளைப் பையில் அள்ளிப்போட்டுக் கட்டினேன். அன்றும் நாங்கள் சுரங்கத்தில் இறங்கவில்லை.

மறுநாள்தான் இறங்கினோம். பாதி எல்ஃப் பாலடின் முதல் சண்டையில் உட்கார்ந்தபடியே உறங்கிப்போனாள். அக்கா அவளுக்காகப் பகடையை உருட்டி, சித்தி கேடயத்தால் தடுத்துவிட்டார்கள் என்று அறிவித்தாள். பகடையில் விழுந்த எண்ணை அவள் எங்களுக்குக் காட்டவில்லை. நான் ஆட்சேபித்தேன், பலன் இல்லை. பறக்கும் நாகத்தை நாங்கள் அடுத்த பெரிய விடுமுறையில் ஒருவழியாகக் கொன்றோம். கொஞ்ச நாள் தங்க வந்த அக்கா பிளஸ் டூ முடிக்கும்வரை எங்களோடு அந்த இரண்டு அறையிலேயே இருந்தாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் வேறு வேறு சமயங்களில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது அவள் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்குப் போன் செய்தால் வைக்க மாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படுக்கையில் நான் தம்பியிடம் மெதுவாகச் சொன்னேன், பார்த்தாயா, நான் ஒரு சத்தம் போட்டதும் அம்மா எப்படி முடிவெடுத்துவிட்டாள் என்று. அவனும் ஆமாம் என்றான். எத்தனையோ வருடம் நான் அப்படியே நம்பியிருந்தேன். நான் கத்திய கத்தலில் பயந்துபோய்த்தான் அம்மா கைக்குக் கிடைத்த இனத்தை எடுத்துக்கொண்டாள் என்று.