பூசணிக்குக் கொடுத்த தேத்தண்ணி

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் சிவஞானத்திடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. தேயிலையைக் காய வைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆட்களை விரட்டிக்கொண்டே இருப்பார். "சொன்னபடி செய்ய முடியாதவன் எதுக்குடா மெசினுகிட்ட வர்ற?" என்று கேட்பார். அந்த மனிதர் ஓய்வு பெற்று, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தன் காம்பராவில் சும்மா உட்கார்ந்த பிறகு, ஒரு பூனை விஷயத்தில் தலைகுனிய நேர்ந்தது.

பூனை அவருடையதல்ல. மனைவி ஜீவராணி மலையில் கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடிக்கடியில் கிடந்த குட்டியை இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் பொதிந்து கொண்டுவந்தாள். மஞ்சளாக உருண்டையாக இருந்ததால் பூசணி என்று பெயர் வைத்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்புக்குப் போய்விட்ட வீட்டில் அது செல்லமாகத்தான் வளர்ந்தது. பிறகு ஒரு வருடமாக வயிறு சரியில்லை. தின்றதைக் கக்கும், நீராகக் கழியும், ஒரு வாரம் தேறும், மறுபடியும் அதே கதை. பெயருக்குப் பொருத்தமில்லாமல் முதுகெலும்பு தெரிய மெலிந்துபோனது.

ஜீவராணி அதைக் கூடையில் வைத்து பஸ்ஸில் பதுளைக்குக் கொண்டுபோனாள். சிவஞானமும் கூடப் போனார். அங்கே மிருக வைத்தியர் தயானி வயிற்றை அமுக்கிப் பார்த்து, இரத்தம் எடுத்துப் பரிசோதித்து, குடலில் தீராத அழற்சி என்றார்.

"இது முழுசா மாறுற வருத்தம் இல்லம்மா. ஆனா சாப்பாட்டப் பாத்துக் குடுத்தா நல்லா இருக்கும்."

கோழி இறைச்சியை உப்பும் மிளகாய்த்தூளும் போடாமல் அவித்து, எலும்பு எடுத்துப் பிய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மருந்துக் குளிசையைப் பொடித்து அதிலேயே கலக்கலாம். பால் கூடாது, கருவாடு கூடாது, வீட்டுக் கறி சோறு எதுவும் கூடாது. ஜீவராணி எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிப் பாடம் பண்ணிக்கொண்டாள். விடியக்காலையில் எழுந்து இறைச்சியை அவித்து, ஆறவைத்து, மூடி வைத்துவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவாள். பகலில் கொடுப்பது சிவஞானத்தின் வேலை.

அவர் கொடுத்தார். பூசணி அதை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் கத்தும். காலைச் சுற்றி வந்து கத்தும். பத்து மணிக்கு அவர் தனக்கென்று பால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தால் மடியில் ஏறி, கோப்பைக்குள் மூக்கை நீட்டும். தொழிற்சாலையில் அந்த நேரத்தில் பத்துப் பேரோடு தேத்தண்ணி குடித்தவர் அவர். ஒரு நாள் கோப்பைக்கு அடியில் இருந்த பீரிசில் கொஞ்சம் ஊற்றி வைத்தார். பூசணி நக்கிக் குடித்துவிட்டு மடியிலேயே தூங்கியது. இவ்வளவு சின்ன வாய்க்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தார். மறுநாளும் ஊற்றினார். பிறகு மாரி பிஸ்கட்டும் நனைத்துக் கொடுத்தார்.

வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மறுபடி போனபோது தயானி கேட்டார்: "வேற ஏதாவது குடுக்கிறீங்களா? பால் ஏதும்?"

"இல்லைங்க" என்றார் சிவஞானம். கேள்வி முடியுமுன்னே அந்தப் பதில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஜீவராணி விடவில்லை. "நாம குடுக்கல. அப்ப யாரு குடுக்குறா? நீங்கதானே பகல்ல இருக்கீங்க, எங்கயும் போகுதா?"

"பக்கத்துல கருவாடு வாசம் வந்துச்சு..." என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

பக்கத்துக் காம்பராவில் இருந்தவள் கருப்பம்மா. கணவன் இறந்து பல வருடம், பிள்ளை இல்லை. கொழுந்து வேலையை விட்டபின் லயத்துக்குப் பின்னால் கீரைப்பாத்தி போட்டுப் பிழைத்தாள். ஜீவராணிக்கு இரண்டு பிரசவத்துக்கும் வெந்நீர் வைத்தவள் அவள்தான். அன்று மாலை தண்ணீர் பிடிக்கும் பீலியில் பெண்கள் எல்லோரும் நிற்கும்போது ஜீவராணி ஆரம்பித்தாள்.

"அக்கா, வாயில்லாத சீவனுக்குக் கருவாட்டப் போட்டுக் கொல்லப் பாக்குறீங்களா?"

"நா எதுக்கு ராணி போடுறேன்? நீ வேணாம்னு சொன்னத நா மறக்கல."

"வீட்டுல இருக்குற மனுசன் பொய்யா சொல்லுவாரு?"

கருப்பம்மா திரும்பிச் சிவஞானத்தைப் பார்த்தாள். அவர் வாளியோடு அங்கேதான் நின்றார். வாளியைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைப்பதுபோலக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில்தான் ஜீவராணி அதைச் சொன்னாள்.

"புள்ள குட்டி இல்லாதவங்களுக்கு அடுத்த வீட்டுல ஒண்ணு வளந்தா பொறுக்காது."

கருப்பம்மா குடம் நிறையுமுன்பே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு அவள் பின்கதவு பகலிலும் சாத்தியே கிடந்தது. சிவஞானம் அன்றிரவு சொல்லிவிட நினைத்தார். நாளைக்கு என்று விட்டார். நாளைக்கு இன்னும் கடினமாக இருந்தது. அப்படியும் பீரிசில் ஊற்றுவதை அவர் நிறுத்தவில்லை என்பதுதான் பிற்பாடு நினைத்து நினைத்து அவரைக் கூசவைத்தது. நிறுத்தினால் பூசணி கத்தும். அது கத்தினால் யாரோ தன்னைக் காட்டிக்கொடுப்பதுபோல அவருக்குப் பட்டது.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. வேலையைப் பாதியில் நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட்டார்கள். ஜீவராணி சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்தபோது பின்வாசலில் அவர் குரல் கேட்டது.

"மெதுவாக் குடி. வாய் சுடப்போகுது."

பூசணி பீரிசில் முகத்தை வைத்திருந்தது. ஜீவராணி பூனையை ஒதுக்கினாள். பீரிசை எடுத்து முகர்ந்து பார்த்தாள், பின்னாலிருந்த சாக்கடைக் கானில் ஊற்றினாள்.

"டாக்டரம்மா கேட்டப்பவும் இது நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சா?"

"கொஞ்சந்தான் ராணி... கத்துது, பாக்க முடியல."

"அந்தக் கருவாட்டு வாசம்?"

அவர் பூசணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் ஈரச் சேலையோடேயே வெளியே போனாள். பக்கத்துக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

லயத்துச் சுவர்கள் கூரைவரைக்கும் போவதில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு முழுதாகக் கேட்கும்.

"அக்கா, நீங்க ஒண்ணும் போடல. இவருதான். நா ஒங்கள என்னென்னமோ பேசிட்டேன்." ஜீவராணி அழுதுகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள் கருப்பம்மா. "கீரைக்குத் தண்ணி ஊத்துறப்ப எத்தன தரம் பாத்திருக்கேன்."

"ஏன் அக்கா சொல்லல?"

"அவரு சொல்லுவாருன்னு பாத்தேன். பீலியில அவரு மொகத்தத்தானே பாத்தேன்." அவள் பலகையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "விடு. வேலய விட்டதுலருந்து பேச்சுத் தொணைக்கு ஆளில்லாம இருக்காரு, பாவம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் 'பாவம்' அவரை எழுந்திருக்க விடவில்லை. தொழிற்சாலையில் தான் திட்டிய பையன்கள் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பதுபோல இருந்தது.

மறுநாள் மாலை பெண்கள் தண்ணீர் பிடிக்கும் நேரம் பார்த்தே பீலிக்குப் போனார். எல்லோர் முன்னாலும் பேசப்பட்டதை எல்லோர் முன்னாலும்தான் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது.

"கருப்பம்மாக்கா பூனைக்கு எதுவும் குடுக்கல. நாந்தான் பால் தேத்தண்ணி குடுத்தேன். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. எம்மேலதான் தப்பு."

ஒரு பெண் சிரித்துவிட்டாள். "பூனைக்குத் தேத்தண்ணி ஊத்துனதுக்கா மாமா இப்புடி வேர்க்குது ஒங்களுக்கு?" மற்றவர்களும் சிரித்தார்கள். கருப்பம்மா சிரிக்கவில்லை. அவரைப் பார்க்கவுமில்லை. தன் குடத்தை எடுத்துக்கொண்டு, "தண்ணி புடிங்க" என்று மட்டும் சொன்னாள். முன்பெல்லாம் அவரைத் தம்பி என்று கூப்பிடுபவள்.

பூசணி பிழைத்தது. தயானி குளிசையின் அளவைக் கூட்டினார். சிவஞானம் இறைச்சியைத் தானே அவித்து, நார் நாராகப் பிய்த்து, நாளெல்லாம் சிறிது சிறிதாக வைத்தார். அது கத்தும்போது வீட்டை விட்டு இறங்கி லயத்துக் கடைசிவரை நடந்துவிட்டு வருவார். மெல்ல மெல்ல மலம் இறுகியது. முதுகில் சதை பிடித்தது. எப்போதாவது மறுபடியும் கக்கும். அப்போது ஜீவராணி அவரைத்தான் முதலில் பார்ப்பாள். எதுவும் கேட்க மாட்டாள். அவர் உண்மையாகவே ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் வராது.

பெண்கள் இருவரும் பழையபடி பேசத் தொடங்கிவிட்டார்கள். தைப்பூசத்துக்குக் கோயிலுக்கு ஒன்றாகப் போய், வழியெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். மறுநாள் கருப்பம்மா அவர்கள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பூசணியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். உள்ளே சிவஞானம் குளிக்கப் போகத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் எழுந்து போகட்டும் என்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.