பிழை நெய்யப் பழகியது

குருக்கள்மடத்துக் கைத்தறி நிலையத்தில், முடிந்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முடிச்சோ விட்டுப்போன இழையோ இருந்தால் திருப்பிக் கொடுப்பது என் வேலை. ஒரு நெசவுகாரியின் துணியை மட்டும் வழக்கத்துக்காகத்தான் பார்ப்பேன், அதில் பிழை இருந்ததே இல்லை. அவர் தறியில் இருக்கும்போது யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

அவருடைய மேசை விரிப்புகளைத்தான் வெளிநாட்டுக் கொள்வனவாளர் திருப்பி அனுப்பினார். மெசினில் நெய்தது போல இருக்கிறதாம். கைத்தறி என்றால் அங்கே யாரும் நம்பமாட்டார்களாம். அங்கங்கே சிறு பிழைகள் வேண்டும். ஒவ்வொரு விரிப்போடும் நெய்தவரின் படம் போட்ட அட்டையும் வேண்டும். இது சரிவராவிட்டால் ஓடர் இல்லை. நெசவுகாரியின் தறிக்கும் வேலை இல்லை.

இத்தனை காலம் பிழை பிடித்த நானே பிழை விடச் சொல்லிக்கொடுக்கப் போனேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர் வைத்த முடிச்சுகள் சாண் அளந்தது போல வரிசையாக விழுந்தன. எனக்கு அது பிடித்திருந்தது. கொள்வனவாளருக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கிழமை வீட்டுச் சாவி வாங்க வந்த அவருடைய மச்சாள், அண்ணனின் மனைவி, ஒழுங்கு தெரியாமல் தறிக்குப் பக்கத்தில் இருந்து, நெசவுகாரி ஆக்கிய இறால் கறியைப் பற்றித் தொடங்கினார்.

"என்ன கா, அவ்வளவு உப்பு. செத்த இறாலும் கடலெண்டு நினைச்சு நீந்தியிருக்கும்."

நெசவுகாரியின் கையில் இழை ஓட்டும் நாடா தடுமாறியது. ஓரிடத்தில் இழை இறுகி, இன்னோரிடத்தில் தளர்ந்தது. அதையே மாதிரியாக அனுப்பினோம். இதுதான் வேண்டும் என்று பதில் வந்தது.

பிறகு மச்சாளைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து இருத்துவது என் பொறுப்பானது. எந்தப் பேச்சுக்கு எவ்வளவு பிழை விழும் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது. சீதனக் காணிப் பேச்சுக்குத் துணியே பாழாகும். அந்தப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம் என்று மச்சாளிடம் கேட்டுக்கொண்டேன்.

விரிப்புகள் முடிந்து, படம் எடுக்க ஆள் வந்தபோது நெசவுகாரி தறியை விட்டு எழும்பிவிட்டார்.

"இந்தத் துணியில என்ட முகம் வரக்கூடா மிஸ். நெய்யத் தெரியாதவள் எண்டு ஊருலகமெல்லாம் காட்டப்போறீங்களா?"

அட்டை இல்லாமல் பெட்டி போகாது என்றேன்.

"அப்ப மச்சாள்ட படத்தப் போடுங்க. பிழையெல்லாம் அவட வேலதானே."

மச்சாள் வீட்டுக்குப் போய்ப் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு வந்து தறியில் இருந்தார். நாடாவை எந்தக் கையில் பிடிப்பது என்று கேட்டார். தலையைக் குனிந்து இழையைக் கவனிக்கச் சொன்னார் படக்காரர். நல்ல படம். அட்டைகளை நான்தான் கட்டினேன், ஒன்றுகூடக் கோணலில்லை.