எறும்பம்மாவின் இடது கை

அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் அவளுக்கு ஒரே பெயர்தான், எறும்பம்மா. "வலிக்குமா?" என்று யார் கேட்டாலும், "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்பாள். பத்தொன்பது வருடமாக இதே பதில்தான். கேள்வி முடிவதற்குள் வந்து விழும். ஊசி போடுவதா, பல் பிடுங்குவதா, ரூட் கேனாலா என்றெல்லாம் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் அதே எறும்புதான்.

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னறையில் எட்டு நாற்காலிகளும் அவளுடைய மேசையும் உண்டு. நடுவில் பாதிக் கண்ணாடி வைத்த கதவு. உள்ளறையில் சாய்வு நாற்காலி, விளக்கு, டாக்டர். வேலைக்கு இருப்பதும் அவள் ஒருத்தியேதான். பேர் எழுதுவாள், கருவிகளைக் கழுவிச் சூடேற்றுவாள், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்வாள், பயந்து நடுங்குகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள்.

டாக்டர் பல்லைத் துளைக்கும்போது இயந்திரம் கீச்சென்று கத்தும். பூதக்கண்ணாடி பொருத்திய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டால் அவருக்கு அந்த ஒரு பல்தான் உலகம். வெளியே ஆள் வந்திருக்கிறது என்று கத்திச் சொன்னாலும் காதில் ஏறாது. அதனால் அவள் அவருடைய பார்வையின் ஓரத்தில், கறுப்புப் பட்டைக் கடிகாரம் கட்டிய இடது கையைத் தூக்குவாள். தலையை நிமிர்த்தாமலே அவர் சொல்வார், "உட்காரச் சொல்லு, பத்து நிமிஷம்." அவள் போய் உட்காரச் சொல்வாள். இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

நோயாளிகளுக்கும் ஒரு கை உண்டு. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, டாக்டர் உடனே நிறுத்திடுவார்" என்று நாற்காலியில் சாய்க்கும்போதே சொல்லிவிடுவாள். டாக்டர் வலப்பக்கம் உட்காருவதால் இடது கை. அவள் தூக்குவதும் அவர்கள் தூக்குவதும் இடது கைதான் என்பதை இத்தனை வருடத்தில் யாரும் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய நாள் வரவில்லை.

அந்த நாள் அவளுடைய கீழ்க்கடைவாய்ப் பல் வழியாக வந்தது.

மூன்று வாரமாக வலி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் காது வரைக்கும் வெட்டி இழுத்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரார் பயத்தையெல்லாம் எறும்பு என்று ஊதித் தள்ளியவள் எந்த முகத்தோடு போய் நிற்பது? அதோடு மற்றவர்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். எந்தக் கம்பி எங்கே போகும், எந்தச் சத்தத்துக்கு எந்தக் கால் உதறும் என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவள். அவ்வளவு தெரிந்தவளுக்குத்தான் அவ்வளவு பயம். பல்வலியோடு பல் ஆஸ்பத்திரியிலேயே காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதற்கு ஜெயிலே தேவலை. அங்கே இந்தக் கீச்சுச் சத்தமாவது இருக்காது.

வீட்டுக்குப் போனால் கணவர். வாய் ஓயாது என்பதால் அக்கம்பக்கத்தில் அவருக்கு ரேடியோ என்று பேர். அவள் ஒரு பக்கமாக மெல்லுவதைப் பார்த்து அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"உனக்கென்ன கவலை? கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறியே! நம்ம டாக்டர்தானே, உட்கார்ந்தா முடிஞ்சது."

"நீங்க வந்து உட்காருங்க, தெரியும்."

"நீதானே எறும்புன்னு சொன்ன? போன வருஷம் எனக்கும் அதைத்தானே சொன்ன?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் டாக்டரிடமே குட்டு உடைந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்து டீ குடித்தவளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "எத்தனை நாளா?" என்றார். "எது சார்?" என்றாள். "வாயைத் திற" என்றார். எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பைத் தொட்டிருந்தது. "ரூட் கேனால்தான். நாளைக்குக் காலையில முதல் ஆள் நீ." அவ்வளவுதான், வசமாக மாட்டிக்கொண்டாள். ஒரு நோயாளி என்றால் வேறு டாக்டரிடம் போகலாம், வராமல் இருந்துவிடலாம். அவள் எப்படி வராமல் இருப்பாள்? கதவைத் திறக்கிறவளே அவள்தானே.

காலையில் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு பஸ் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது ஆள், மலை மாதிரி உடம்பு. கன்னம் வீங்கி ஒரு கண் சுருங்கியிருந்தது. இதற்கு முன் இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் ஊசியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியவர். சீழ் பரவ ஆரம்பித்துவிட்டது, இன்னொரு முறை ஓடினால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் போனிலேயே சத்தம் போட்டிருந்தார்.

"முதல்ல எனக்குத்தான் பண்ணப்போறார் அண்ணே. அடுத்தது நீங்க" என்றாள்.

டிரைவரின் முகம் தெளிந்தது. "உங்களுக்கா? அப்போ நீங்க போயிட்டு வந்து சொல்லுங்கம்மா. வலிக்கலன்னா நான் உட்கார்றேன். வலிச்சா இப்படியே கிளம்பிடுவேன்."

பையைத் தோளிலிருந்து இறக்காமலே கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இனி அவள் ஒருத்தியின் பல் மட்டும் இல்லை, அந்த வீங்கிய கன்னமும் அவள் தலையில்தான்.

அந்த நாற்காலியை ஆயிரம் முறை துடைத்திருக்கிறாள். ஒருமுறைகூடப் படுத்ததில்லை. படுத்தால் கூரையில் ஒரு ஈரக்கறை தெரிகிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊசி போட்டார். உதடு தடித்தது, பாதி நாக்கு காணாமல் போனது. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட்டை இழுத்து மாட்டினார். இனிப் பேச முடியாது. உறிஞ்சும் குழாயை உதட்டில் தொங்கவிட்டார். அதைப் பிடிக்க வேண்டியவள் கீழே கிடக்கிறாளே.

இயந்திரம் கத்தியது. முதலில் ஒன்றுமில்லை. அதிர்வு மட்டும். அடடா, உண்மையாகவே எறும்புதானோ என்று நினைத்த அந்த நொடியில் துளை நரம்பைத் தொட்டது.

எறும்பா அது? பழுக்கக் காய்ச்சிய கம்பியைத் தாடைக்குள் விட்டதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள், அவளுக்கு அதற்கும் வழியில்லை. கத்த வாயில்லை. தன் வாயால் ஊருக்கெல்லாம் சொன்னது நினைவுக்கு வந்து, இடது கையைத் தூக்கினாள்.

டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. பார்வையின் ஓரத்தில் பழகிய கை, பழகிய கறுப்புப் பட்டைக் கடிகாரம்.

"உட்காரச் சொல்லு, பத்து நிமிஷம்" என்றார்.

யாரை உட்காரச் சொல்வது? கையை இறக்கி மறுபடியும் தூக்கினாள். ஆட்டினாள்.

"அதான் சொன்னேன்ல, பத்து நிமிஷம்!"

கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அந்த நாற்காலியில் படுத்து, வாயை அடைத்துக்கொண்டு, அவளை மட்டும் நம்பிக் கிடந்த அத்தனை பேரையும் நினைத்தாள். 'இவங்க எல்லாரும் இப்படித்தான் கிடந்தாங்களா? நான் பக்கத்திலேயே நின்னேனே.' தன்மீதே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கதவு படாரென்று திறந்தது.

"டாக்டர்! அவங்க கையைத் தூக்குறாங்க! கண்ணு தெரியலயா?" டிரைவர் பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களை அதட்டும் குரலில் கத்தினார்.

இயந்திரம் நின்றது. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "அய்யய்யோ, நீதானா! ஆள் வந்திருக்குன்னு நினைச்சுட்டேன்மா." நரம்பு ரொம்பச் சிவந்துபோயிருந்தால் முதல் ஊசி சில சமயம் பிடிக்காது என்று முணுமுணுத்துக்கொண்டே, திறந்த இடத்தில் இன்னொரு ஊசி போட்டார். பத்து எண்ணும் வரை உயிர் போனது. அதன்பிறகு பல்லே இல்லாததுபோல் ஆகிவிட்டது. அடுத்த முக்கால் மணி நேரத்தில் அவள் இரண்டு முறை தூங்கிப்போனாள் என்று டாக்டர் பின்னால் சொன்னார்.

அவள் வெளியே வந்தபோது டிரைவர் எழுந்து நின்றார். பை தோளிலேயே இருந்தது. ஒரு கை வாசல் கதவின் பிடியில்.

"வலிச்சுதா?"

எறும்பு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த ஆள் ஓடிவிட்டால்? அந்த வீக்கம்? ஒரு சின்னப் பொய் போதும், பத்தொன்பது வருடமாக ஓடிய வண்டி இன்னும் ஒரு நாள் ஓடும். மரத்துப்போன வாயைக் கையால் தாங்கிக்கொண்டு அவள் நின்றாள்.

"வலிச்சுது அண்ணே" என்றாள். குழறலாகத்தான் வந்தது. "நல்லா வலிச்சுது. ரெண்டு நிமிஷம் இருக்கும். ரெண்டாவது ஊசி போட்டதும் போயிடுச்சு. அப்புறம் தூங்கிட்டேன்."

டிரைவர் அவளையே பார்த்தார். கதவுப் பிடியை விடவில்லை.

"போன ரெண்டு தடவையும் எறும்பு எறும்புன்னு சொன்னீங்களே, அதனாலதான்மா ஓடினேன். எங்கயாவது அது எறும்பா இருக்குமா? இவங்க பொய் சொல்றாங்க, அப்போ உள்ள என்னவோ பெருசா இருக்குன்னு தோணுச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. அது மட்டும் எப்படி மரத்துப்போகாமல் இருந்தது என்று தெரியவில்லை.

"நான் கையைத் தூக்கினா யாரு பார்ப்பா?" என்று கேட்டார்.

"நான் பார்க்கிறேன். பக்கத்திலேயே நிக்கிறேன்."

டிரைவர் பையை இறக்கி நாற்காலியில் வைத்தார்.

உள்ளே போனதும் அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் பைக்குள் போட்டாள். குழாயைப் பிடித்துக்கொண்டு டிரைவரின் இடது கையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். முன்னறையில் யாரோ வந்த சத்தம் கேட்டது. அவளுடைய கை தானாகவே பாதி உயர்ந்தது. பிடித்து இறக்கினாள். வந்தவர் காத்திருக்கட்டும்.

ஊசி போட்டு, உதடு தடித்து, இயந்திரம் கத்த ஆரம்பித்ததுமே டிரைவரின் கை மேலே போனது.

"கை!" என்று அவள் கத்தினாள். சத்தம் நின்றது.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

டிரைவர் இல்லை என்று தலையாட்டினார். கையைத் தூக்கினால் நிஜமாகவே நிற்கிறதா என்று பார்த்தாராம்.

டாக்டர் திட்ட வாயெடுத்தவர் எறும்பம்மாவின் முகத்தைப் பார்த்து அடங்கினார். அதன்பிறகும் அந்தக் கை மூன்று முறை உயர்ந்தது, மூன்று முறையும் வலியில்லை. மூன்று முறையும் டாக்டர் நிறுத்தினார். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அழுதவள் அவள்தான்.