கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

மதுரையிலிருந்து முனைவர் பட்டம் படிக்க மலேசியா வந்தேன். சிரம்பான் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களின் உடல்நலம்தான் என் ஆய்வு. முதல் நாள், உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்த என் வயதுப் பெண் ஒருவரிடம் கேள்வித்தாளை வாசித்தேன்.

“பணி நேரத்தில் எத்தனை முறை நீர் அருந்துவீர்கள்?”

அவர் சிரித்துவிட்டார். “ரேடியோ மாதிரி பேசுறீங்க லா! நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம். குடிச்சா எங்க போய் ஒதுங்குறது? அத நீங்க கேக்கவே இல்லயே?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. கழிவறை பற்றிய கேள்வியை அங்கேயே பேனாவால் எழுதிச் சேர்த்தேன். அதற்குக் கிடைத்த பதில்கள்தான் ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயம் ஆயின. அதைப் படித்த தோட்ட நிர்வாகம் வேலை நடக்கும் இடத்திலேயே இரண்டு கழிவறைகள் வைத்தது. பட்டம் கிடைத்ததைச் சொல்லப் போன அன்று, அந்தப் பெண்களோடு உட்கார்ந்து காரமான நெத்திலிச் சம்பலைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டேன்.