திருடர் இல்லாத ஊரைப் பற்றிப் படித்த வருஷம்

அந்த மனிதர் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், அறுபதைத் தாண்டிய வயது. செருப்பை எங்களைப் போல வாசலில் அப்படியே கழற்றிப் போடாமல், கிளம்பும்போது காலை நுழைக்க வசதியாகத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். பிறகு கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே நல்ல பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது.

"உள்ள வந்து உக்காருங்களேன்" என்றார் மதாம்.

"பரவால்ல மதாம், இங்கதான் காத்து வருது."

காற்று வரவில்லை. மின்விசிறி உள்ளேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

மதாம் என்று நாங்கள் கூப்பிடுவது பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரை. அரியாங்குப்பத்தில் தனியாக இருக்கிறார். மகள் பிரான்சில். ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டு முன்னறையில் கூடிப் புத்தகம் பேசுவது எங்கள் வழக்கம். மதாமைத் தவிர, கோர்ட்டுக்குப் போய்வரும் ஒரு வக்கீல், அரசுப் பள்ளி டீச்சர் ஒருத்தி, நான். மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் ஆற்றுப்பாலம் தாண்டிப் போவேன். வாரம் முழுக்கக் கோரிமேட்டுப் பக்கம் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஊசியை மறந்து உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் என்ன படிப்பது என்று முடிவு செய்தவர் வக்கீல். "நல்ல ஊர்னா எப்படி இருக்கணும்னு மனுஷன் காலங்காலமா எழுதிட்டே இருக்கான். அப்புறம் பயந்துபோய், கெட்ட ஊர் எப்படி இருக்கும்னும் எழுதினான். ரெண்டையும் படிப்போம். நாம எதுல குடியிருக்கோம்னு தெரிஞ்சிரும்" என்றார். மதாம் பிரெஞ்சில் படித்து எங்களுக்குத் தமிழில் சொல்வார். மொழிபெயர்ப்பு கிடைத்ததை நாங்களே படிப்போம். யாருக்கும் சொந்தமென்று எதுவும் இல்லாத தீவுகள், எல்லோரும் ஒரே மணிக்கு எழுந்து ஒரே மணிக்குச் சாப்பிடுகிற நகரங்கள், அடுப்பங்கரை வரைக்கும் அரசாங்கத்தின் கண் வந்துவிடுகிற நாடுகள். பேச எங்களுக்கு நிறைய இருந்தது.

அந்தக் கதவோர மனிதர் வந்து சேர்ந்தது இரண்டாவது மாதத்தில். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "சர்ச் நோட்டீஸ் போர்டுல பார்த்தேன்" என்றார். அவர் போன பிறகு மதாம் கேக் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நான் போர்டுல ஒண்ணும் ஒட்டலையே."

அந்த வாக்கியம் எங்களோடு வீட்டுக்கு வந்தது.

அடுத்தடுத்த வாரங்களிலும் தவறாமல் வந்தார். அதிகம் பேசமாட்டார். கையில் பேனா கிடையாது, காகிதம் கிடையாது. போனைக்கூட வெளியே எடுக்கமாட்டார். ஆனால் பேசினால் இப்படித்தான் பேசுவார்: "போன வாரம் டீச்சரம்மா சொன்னாங்க, எல்லாருக்கும் ஒரே சம்பளம்னா மந்திரி வீட்டுப் பிள்ளையும் என் கிளாஸ்ல வந்து உக்காரணும்னு. அதுக்கு வக்கீல் சார், முதல்ல உங்க கிளாஸ்ல கூரை ஒழுகாம இருக்கட்டும்னாரு." ஒரு சொல் மாறாது. டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. சொந்த வீட்டில் சொல்வதுபோல் சொன்னதை வேறொருவர் வாயால் கேட்டால், அது வேறு எதுவாகவோ ஆகிவிடுகிறது.

ஒரு நாள் நம் பழைய காவியங்களில் வரும் நாட்டு வருணனைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. வறுமை இல்லாத ஊர், திருடர்களே இல்லாததால் காவலும் வேண்டாத ஊர். வக்கீல் ரசித்து ரசித்து விளக்கினார். கதவோரத்திலிருந்து அந்த மனிதர் கை தூக்கினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"திருடனே இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"அது கவிஞர் சொல்றது" என்றார் வக்கீல்.

"அவருக்கு யாராவது சொல்லியிருக்கணும் இல்ல? ஊரு முழுக்க ஒருத்தன் சுத்திப் பார்த்துட்டு வந்து, எவனும் திருடலன்னு சொன்னாத்தானே இவரு எழுத முடியும்? காவல் இல்லைன்னா, அந்த ஒருத்தன் யாரு?"

மதாம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நல்ல கேள்வி என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை. கேட்ட ஆள் யார் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று பாலத்துக்கு இந்தப் பக்கம் இளநீர்க் கடையில் வக்கீல் என்னை நிறுத்தினார். "அந்த ஆளு உளவுங்க. எனக்கு வாசனை தெரியும்." டீச்சர் அதற்குள் எங்களைச் சேர்த்து அவர் இல்லாத ஒரு புது வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தாள். பழைய குழுவில் காலை வணக்கமும் பூப்படமும் போட்டோம். புதியதில் அவரைப் பற்றிப் பேசினோம். எந்தத் தெருவில் மொபெட்டை நிறுத்துகிறார், எத்தனை முறை வாசலைப் பார்க்கிறார், கேக்கை ஏன் பாதி வைத்துவிட்டுப் போகிறார். மதாமுக்கு அது பிடிக்கவில்லை. "நீங்க படிக்கறது போதாதுன்னு எழுதவும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் புதுக் குழுவிலிருந்து வெளியேறினார்.

கூட்டம் மாறிப்போனது. வக்கீல் வானொலியில் உரை நிகழ்த்துகிறவர்போல எச்சரிக்கையாகப் பேசினார். டீச்சர் வருவதைக் குறைத்து, கடைசியில் நின்றே விட்டாள். "டிரான்ஸ்பர்ல காரைக்கால் பக்கம் தூக்கிப் போட்டாங்கன்னா என் பொண்ணு படிப்பு இன்னாக்கா ஆவறது?" என்றாள் போனில். நான் பயப்படாதே என்று சொல்லவில்லை. பயப்பட வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியாதே.

பிறகு ஒரு காலை அவர் எங்கள் லேபுக்கே வந்தார். சர்க்கரை பார்க்க. என்னைக் கண்டதும் லேசாகத் தலையசைத்துவிட்டு வரிசையில் நின்றார். முன்பெஞ்சில் மகளோடு காத்திருந்த ஒரு போக்குவரத்து சப்-இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்துச் சட்டென்று எழுந்தார். "ஐயா, நீங்க போயி எடுத்துக்கங்க" என்று இடம் விட்டார். அவர் வேண்டாமென்று கையமர்த்தினார். ரத்தம் கொடுத்துவிட்டு அவர் போனதும், மகளின் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த சப்-இன்ஸ்பெக்டரிடம், தெரிந்தவரா என்று கேட்டேன்.

"எங்க பழைய ஐயாங்க. உளவுப் பிரிவுல இருந்தாரு. எந்தக் கூட்டத்துல யாரு என்ன பேசினாலும் வரிக்கு வரி ஒப்பிப்பாரு."

அவர் ரத்தம் இருந்த சோதனைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் நினைப்பு அவரிடம் இல்லை. அப்பாவிடம் போய்விட்டது.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நான் பள்ளியில் படிக்கும்போது மில் வாசலில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசினார். அந்த வாரமே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். திரும்ப எடுக்கவில்லை. பிறகு மில்லும் மூடியது. பேசியதில் அப்பா வருத்தப்பட்டதே இல்லை. யார் போட்டுக்கொடுத்தது என்பதுதான் அவரை அரித்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: கூட்டத்தில் பக்கத்திலேயே நின்ற அவருடைய நண்பர்தான். சாயங்காலமானால் எங்கள் வீட்டில் கேரம் ஆடிக்கொண்டிருந்த மனிதர், நாங்கள் கேரம் மாமா என்று கூப்பிட்டவர். ஒரு ஆதாரமும் கிடையாது. மாமாவை மட்டும் வேலையை விட்டு எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. மாமா இறந்தபோது அப்பா சாவுக்குப் போகவில்லை. அப்பா இறந்தபோது அந்த வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை.

அந்த ஞாயிறு நான் எல்லோருக்கும் முன்பே அரியாங்குப்பம் போய்விட்டேன். வக்கீல் வந்தார். பிறகு அந்த மனிதரும் வந்து கதவோரம் உட்கார்ந்தார். மதாம் புத்தகத்தைத் திறப்பதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

"ஐயா, ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

அவர் தயங்கவேயில்லை. "கூட்டங்களுக்குப் போற வேலைம்மா. லேப்ல அந்த எஸ்.ஐ. எழுந்திரிச்சப்பவே நினைச்சேன், இந்த வாரம் கேப்பீங்கன்னு."

வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், குறுக்கு விசாரணைக்குத் தயாரானவர்போல. "மதாம் வீட்டுல கூட்டம் நடக்குதுன்னு யாரு சொன்னது? போர்டு கதையெல்லாம் வேணாம்."

"பேக்கரியில மதாம் போன்ல பேசினாங்க. பின்னாடி நின்னேன். ஒட்டுக் கேட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, போர்டுன்னுட்டேன்."

"மோன் தியே, கடவுளே" என்று நெஞ்சில் கை வைத்தார் மதாம்.

"இலக்கியக் கூட்டம், யூனியன் கூட்டம், மாதர் சங்கம், எல்லாத்துக்கும் போயிருக்கேன் சார். கடைசி வரிசை, கதவோரம். பேப்பர் எடுத்தா சந்தேகம் வரும், தலையிலதான் வச்சிக்கணும். எவ்வளவோ நல்ல பேச்சு கேட்டேன். ஒரு தடவகூட எழுந்து ஒரு கேள்வி கேட்டதில்ல. கேட்டா முகம் தெரிஞ்சிரும். இப்ப கேக்கலாம்னுதான் வந்தேன்."

"இப்பவும் போயி யாருகிட்டயும் சொல்லலன்னு எப்படி நம்பறது?"

"நம்ப வேணாம் சார். உங்க எடத்துல நான் இருந்தா நம்ப மாட்டேன்." பிறகு, "இந்தப் புத்தகங்கள்ல வேவு பாக்கறவனெல்லாம் மகா கெட்டிக்காரனா இருக்கான். எங்க ஆபீஸ்ல பாதி நாள் ஃபேன் ஓடாது. நான் எழுதிக் குடுத்ததை எவன் படிச்சான்னே தெரியாது" என்றார்.

வக்கீல்கூடச் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. யாரோ படித்திருக்கிறார்கள். படித்ததால்தான் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் கஞ்சியும் ஊறுகாயுமாக இருந்தது. அப்பாவின் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். மில், வாசல், வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி. அன்று அங்கே இருந்தீர்களா என்று கேட்டேன்.

"அந்த மில் வாசலுக்கு நிறைய தடவ போயிருக்கேம்மா. உங்கப்பா பேசினது ஞாபகம் இல்ல."

டீச்சர் எப்போதோ சொன்ன வாக்கியத்தைச் சொல் மாறாமல் ஒப்பித்தவர். அப்பா பேசியது மட்டும் மறந்துவிட்டதா? அவர் முகத்தையே பார்த்தேன். அது கதவு சாத்திய வீடு மாதிரி இருந்தது.

"அப்பாகூட நின்ன ஒருத்தர்தான் உங்க ஆளுங்ககிட்டச் சொன்னாருன்னு அப்பா கடைசி வரைக்கும் நினைச்சாரு" என்றேன்.

முதல் முறையாக அவர் கதவோரத்திலிருந்து எழுந்து உள்ளே வந்தார். பிரம்பு நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, மைக்குலதான பேசினாரு? ரோட்ல டீக்கடையில நின்னா மொத்தமும் கேக்கும். பக்கத்துல நின்னவன்கிட்ட நாங்க எதுக்கு வந்து கேக்கப்போறோம்?"

இவ்வளவு எளிய விஷயம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மதாம்தான் கடைசியில், "உக்காருங்க முசியே. எந்தப் பக்கத்துல விட்டோம்?" என்றார். அவர் பக்க எண்ணைச் சரியாகச் சொன்னார்.

அவர் இப்போதும் வருகிறார். டீச்சர் திரும்ப வரவேயில்லை. நான் நேரில் போய்க் கூப்பிட்டும், "உனக்கு வேணா நம்பிக்கை இருக்கும்" என்றுவிட்டாள். எனக்கு நம்பிக்கை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஒருவேளை அப்பாவை நன்றாகவே நினைவிருந்து, என் மனம் நோகாமலிருக்க மறைத்தாரோ, அல்லது உண்மையில் மாமாதான் சொல்லி, தகவல் சொன்னவரைக் காட்டிக்கொடுக்காத பழைய தொழில் தர்மத்துக்காக அந்த மைக் கதையைச் சொன்னாரோ. இன்றும் எனக்குத் தெரியாது.

இருந்தாலும் ஒரு சனிக்கிழமை கேரம் மாமா வீட்டுக்குப் போனேன். மில்லுக்குப் பின்னால் அதே சந்து. அத்தை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்பா பேரைச் சொன்னதும் கீரை அப்படியே கையில் நின்றது.

"இப்ப இன்னாத்துக்கு வந்துகிற? யாரு அனுப்புனா? ஏதாவது கையெழுத்து வேணுமா?"

"ஒண்ணும் வேணாம் அத்தை. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன்."

நின்றபடியே சொன்னேன். வாசிப்பு வட்டம், அதில் வந்த பழைய போலீஸ்காரர், மைக், டீக்கடை. அத்தை என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடித்ததும், "அந்தப் போலீஸ்காரன் சொல்றத நீ நம்பறியா?" என்று கேட்டார்.

"தெரியல அத்தை."

"தெரியாமத்தான் வந்தியா?"

"ஆமா."

கீரையை முறத்தில் போட்டுவிட்டு உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டார். மில்லில் பேருக்குக்கூட வேலை பார்த்திராத, செல்போன் கடை வைத்திருக்கும் மகன். "இவ சொல்றத நீயும் கேளு" என்றார். மறுபடி சொன்னேன். மருமகள் வந்தாள். அவளுக்காக மூன்றாம் முறை சொன்னேன்.

அந்த மூன்றாம் முறைதான், "கேரம் மாமா மேல ஒரு தப்பும் இல்லன்னு அவரே சொன்னாரு" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததை நான் சேர்த்துவிட்டேன். திருத்தலாமா என்று பார்த்தேன். அத்தை அதற்குள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பால் இருக்குதா பாரு, இவளுக்குக் காபி போடு" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.