வேதம் வாசிக்கும் குரலில் ஒரு டிராகன்

"...மந்திரமுங்க, சூனியக்காரியுங்க, நெருப்புக் கக்குற டிராகனுங்க! இதையெல்லாம் படிச்சா எம் புள்ள என்னத்துக்கு ஆவாளுங்க? இன்னைக்கோட நிறுத்திப்போட்டேனுங்க."

படபடவென்று சொல்லிக்கொண்டே அந்தத் தடித்த புத்தகத்தை என் தையல் மெஷின் மேல் வைத்தார் அந்த அம்மா. போன வருடம், சோமனூரில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். வாரம் ஒருமுறை என் கடையில் ஏழெட்டுப் பெண்கள் கூடி, படித்த கதைகளைப் பற்றி மல்லுக்கட்டுவோம். அந்த அம்மா தேவாலயத்தில் ஞாயிறுதோறும் வேதம் வாசிப்பவர். அந்தக் காலத்துக் கிறிஸ்தவக் காதல் நாவல் என்றால் அவருக்கு உயிர். மிஷனரி பங்களா, கப்பல், ஜெபத்தோடு காத்திருக்கும் கதாநாயகி என்று போகும். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கோ டிராகன் கதை. முதல் பாகத்தை முடித்து இரண்டாவதைத் தொடங்குமுன் அம்மா பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே அழுதுகொண்டு ஓடி வந்தாள் மகள்.

"உங்க நாவலை நானும் படிச்சேன்மா. அதுல அந்தப் பொண்ணு அப்பன் பேச்சை மீறி, ஊட்டை உட்டு, முன்னப்பின்ன தெரியாத ஆளுகூடக் கப்பலேறிப் போறா. நீங்க உக்காந்து அழுதீங்க. எங் கதையில ஒருத்தர் கையை ஒருத்தர் தொடக்கூட இல்லீங்க!"

கடையே கொல்லென்று சிரித்தது. அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ ஜெபம் பண்ணிப்போட்டுத்தான்டி கப்பலேறுனா!"

"ருசி பாக்காம கொழம்புல உப்பில்லைன்னு சொல்லலாமுங்களா அம்மணி?" என்றார் என் கடையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கும் அக்கா. எங்கள் கூட்டத்தின் சட்டமும் அதுதான். குறை சொல்கிறவர் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும்.

"வாசிக்கறேனுங்க, நீங்களே கேட்டுப்போட்டுச் சொல்லுங்க!"

அவருக்குத் தெரிந்தது ஒரே குரல்தான், வேதம் வாசிக்கும் குரல். பக்கத்துத் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கணீரென்று எழுந்தது. பாலம் எரிகிறது. தங்கையைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு அக்காக்காரி டிராகன் முன்னால் நிற்கிறாள். என்னை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்கிறாள். ஒரு பக்கம் முடிந்தது. அம்மா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கரண்ட் போய்த் தறிகள் நின்றன; அவர் குரல் நிற்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. டிராகன் வாயைத் திறக்கிற இடத்தில் அத்தியாயம் முடிந்துவிட்டது.

"அய்யோ, அப்புறம் என்னாச்சுங்க?" என்று காஜா அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

மகள் மெல்லக் கையை நீட்டினாள். "இப்பக் குடுப்பீங்களாம்மா?"

புத்தகங்களைப் பற்றி எத்தனையோ வாரம் தொண்டை வலிக்கப் பேசியிருக்கிறோம். ஒருவருடைய அபிப்பிராயம் என் கண்ணெதிரே மாறியதை அன்றுதான் பார்த்தேன். இன்றும் யாராவது ஒரு கதையைக் கரித்துக் கொட்டினால், பதிலுக்குப் பேசாமல் புத்தகத்தைத்தான் நீட்டுகிறேன்.

அந்த அம்மா மகள் கையைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் தன் தோளில் தொங்கிய வேதாகமப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, "நான் முடிச்சதுக்கப்புறந்தான் உனக்கு, கண்ணு" என்று சொல்லிவிட்டு, மகளுக்கு முன்னால் வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார்.