பெரியம்மாவின் வயதும் இந்திய அரசின் ரகசியமும்

எழுபத்தொன்றாம் வருடத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னைப் பிடித்துப் போட்டபோது நான் திருப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். கணக்கெடுக்கக் கணக்கு வாத்தியாரை அல்லவா அனுப்ப வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "அவருக்கு வேலை இருக்கு" என்றார்.

பயிற்சி வகுப்பில் ஓர் அதிகாரி எங்களைக் கொஞ்சம் மிரட்டினார். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லக்கூடாது. கலெக்டரே நேரில் வந்து கேட்டாலும் காட்டக்கூடாது. கோர்ட்டு கூப்பிட்டாலும் அந்தச் சீட்டு சாட்சி சொல்ல வராது. ஒரே வீட்டுக்குள் பெண்டாட்டி சொன்னதைப் புருஷனிடமோ, புருஷன் சொன்னதைப் பெண்டாட்டியிடமோ அவிழ்த்துவிடக் கூடாது. மீறினால் தண்டனை உண்டு.

வகுப்பில் பாதிப் பேர் சிரித்துவிட்டோம். எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், அவிநாசி வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் நம் சம்பளம், தோட்டத்தின் அளவு, கிணற்றில் தண்ணீர் நிற்கும் மட்டம், இரண்டாவது பெண்ணுக்கு ஏன் இன்னும் வரன் திகையவில்லை என்பது வரை விசாரித்துவிட்டு, "அப்ப வரட்டுங்களா" என்று இறங்கிப் போவார். கடைசிவரை பெயரை மட்டும் கேட்டிருக்கமாட்டார். இப்படிப்பட்ட ஜனங்களின் வயதை அவர்களிடமிருந்தே காப்பாற்ற டெல்லியில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். நான் சட்டையில் அடையாள அட்டையைக் குத்திக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

எனக்கு ஒதுக்கிய தெருவிலேயே பெரியப்பா வீடும் இருந்தது. என் அப்பாவின் அண்ணன். குண்டடத்துப் பக்கம் இருந்த மானாவாரிக் காட்டில் பாதியை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனி வைத்தவர். பெரியம்மா அவருக்குத் தாய்மாமன் மகள். ஒரே ஊர், ஒரே வீதி, எதிரெதிர் வீடு. அதனால் கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும் அவரை "மாமா" என்றுதான் கூப்பிடுவார்.

அந்தச் சமயத்தில் பெரியப்பாவுக்கு ஒரே ஒரு கவலைதான். எங்கள் குலதெய்வக் கோயிலில் கும்பாபிஷேகம் வர இருந்தது. முதல் மரியாதை யாருக்கு? பரிவட்டம் முதலில் யார் தலையில்? எங்கள் பாட்டன் வழியில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியப்பா ஒருவருடைய பேரன். இன்னொருவருடைய பேரன், எங்கள் பங்காளி, ரயில் ரோட்டுப் பக்கம் நூல் வியாபாரம் செய்தார். மூத்தவருடைய வாரிசுக்குத்தான் பரிவட்டம். மூத்தவர் யார் என்பதில்தான் சிக்கல். நேரில் கண்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சிய பெரியவர்கள் யார் வீட்டில் சாப்பிட்டார்களோ அந்த வீட்டுப் பாட்டன்தான் மூத்தவர் என்று சத்தியம் செய்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பெரியப்பாவும் பங்காளியும் ஒருவரை ஒருவர் "தம்பி" என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். "என்ன தம்பி, சௌக்கியமா?" "சௌக்கியந்தான் தம்பி." "அண்ணா" என்ற சொல் யார் வாயிலிருந்து முதலில் விழுகிறதோ, அவர் பரிவட்டத்தைக் கழற்றிக் கொடுத்த மாதிரி. இரண்டு பேரும் அந்தச் சொல்லை ஆபரேஷனுக்குப் பிந்திய பத்தியத்தில் புளியைப் போல விலக்கி வைத்திருந்தார்கள்.

பெரியப்பா வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து அவரே எல்லாருக்கும் பதில் சொன்னார். தன் வயது அம்பத்தஞ்சு. பெரியம்மாவுக்கு? சமையலறைப் பக்கம் பார்த்து, "ஒரு அம்பதுன்னு போட்டுக்க கண்ணு" என்றார். போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளும்போது மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து பெரியம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"கண்ணு, தப்பாச் சொன்னா செயிலுன்னு ரேடியோவுல சொல்றாங்களே, நெசமா?"

"அவ்வளவு தூரம் போகமாட்டாங்க பெரியம்மா."

"போனா?" என்றார். பிறகு என் காதருகே குனிந்தார். "எனக்கு அம்பத்தெட்டு."

நான் பென்சிலைத் தேடினேன்.

"உங்க பெரியப்பனுக்கு மூணு வருசம் மூத்தவ. கண்ணாலத்தப்ப எங்கப்பன் சாதகத்தையே வேற எழுதீட்டாரு. அவருக்குத் தெரியாது. அவருக்கு அப்ப விவரந் தெரியாத வயசு. நீ ஆருகிட்டயும் சொல்லீராதே சாமி."

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அதற்கு முந்திய வருடம்தான் பெரியம்மா தன் கடைசி மகனுக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தத்தைத் தட்டிவிட்டிருந்தார். பெண்ணுக்குப் பையனைவிட வயது சில மாதங்கள் கூடுதல். "பொண்ணு மூப்பா இருந்தா ஊடு வெளங்குமா?" என்று உறவு முழுக்க உட்கார வைத்துப் பேசியவர் அவர். பெண்ணோ பங்காளியின் மச்சினன் மகள். பங்காளி அந்த அவமானத்தை மறக்கவில்லை. ஆக, பெரியம்மாவின் அம்பத்தெட்டு வெளியே வந்தால் மூன்று மருமகள்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பங்காளி பொத்திக்கொள்ளாமல் சிரிப்பார்.

"சட்டமே அதாங்க பெரியம்மா. கலெக்டர் கேட்டாலும் சொல்லமாட்டேன்" என்றேன்.

"கலெக்டருக்குச் சொன்னாலுஞ் சொல்லு. எங்க மருமவளுகளுக்குச் சொல்லாதே."

அன்று மத்தியானமே கம்பெனியிலிருந்து ஆள் வந்தது, பெரியப்பா கூப்பிடுகிறார் என்று. கட்டிங் மேசையில் துணியை விரித்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "காத்தால என்ற வயசைத் தப்பாச் சொல்லீட்டனப்பா. அம்பத்தொம்பதுன்னு மாத்திக்க" என்றார்.

"ஒரே நாள்ல நாலு வயசுங்களா பெரியப்பா?"

"மனுசனுக்கு வயசு ஆகாதா?"

பரிவட்ட வெறி பாட்டனைத் தாண்டி இவர் வயது வரை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மாற்றி எழுதினேன். மனித மனத்தை ஊடுருவிப் பார்ப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியப்பாவுக்கு அந்த யோசனை பிறந்தது. பாட்டன்கள் இருவரும் உயிரோடிருந்த காலத்தில் வெள்ளைக்காரன் எடுத்த கணக்கு இருக்குமே? அதில் வயது போட்டிருப்பானே? நான்தான் அரசாங்கத்துக்கே கணக்கெடுத்துக் கொடுத்தவனாயிற்றே, போய்ப் பார்த்து வரக்கூடாதா?

எனக்கும் ஆசைதான். குடும்ப வரலாறு ஒன்று எழுத வேண்டும் என்று நாலைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் முன்னுரை முழுவதும் மனதில் தயாராக இருந்தது. வரலாறுதான் கிடைக்கவில்லை.

தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க பாட்டன் வயசை நீங்க பாக்கணும்."

"ஆமாங்க."

"அதைப் பாக்க உங்க பாட்டன் அனுமதிச்சிருக்காருங்களா?"

"அவர் செத்துப் போயிட்டாருங்க."

"அப்ப அவரைக் கேக்க முடியாது. கேக்காம நாங்க காட்ட முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "காட்டணும்னாலும் இங்க இல்லீங்க. கூட்டி முடிச்சதும் சீட்டையெல்லாம் அழிச்சிருவாங்க. கூட்டுத்தொகை மட்டுந்தான் நிக்கும். உங்க பாட்டன் அதுக்குள்ள எங்கியோ இருப்பாரு. தேடிப் பாருங்க."

ஊருக்கெல்லாம் ரகசியச் சட்டத்தை விளக்கிக்கொண்டு திரிந்தவனுக்கு அந்தச் சட்டமே எதிரில் வந்து நின்றபோது ரோஷம் வந்தது. செத்துப்போனவருக்கு என்ன ரகசியம் என்று வாதாடினேன். குமாஸ்தா டீ குடிக்கப் போய்விட்டார்.

இதற்குள் பெரியம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டார். பழைய கணக்கைத் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்திருக்கிறது. எதிர் வீட்டுப் பாட்டன் வயது இருந்தால் தன் அப்பன் வீட்டுச் சிறுமியின் வயதும் இருக்கும் அல்லவா? முகம் வெளுத்திருந்தது. நான் தாலுகா ஆபீஸ் கதையைச் சொன்னதும், "அந்தக் குமாஸ்தாப் பையன் நல்லா இருக்கோணும்" என்று தாலுகா ஆபீஸ் திசை நோக்கிக் கும்பிட்டார். போகும்போது ஒரு டப்பா நிறைய ஒப்புட்டு, எங்கள் பக்கத்துப் போளி, கொடுத்துவிட்டுப் போனார். அதில் தேங்காய் கொஞ்சம் அதிகம். சட்டத்தின் பக்கம் நிற்பதில் ஒரு சுவை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அந்தச் சுவை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நான் பெரியப்பாவிடம் கையை விரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பங்காளியே கம்பெனிக்குள் வந்தார். குடையைச் சுவரில் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, சர்க்கார்ல இல்லீன்னா என்ன? அந்தக் காலத்துல கணக்கெடுத்ததே நம்மூருக் கணக்குப்பிள்ளைதான். அவர் பேரன் ஊட்டு அட்டாலிப் பரண்மேல ஒரு நகல் இருக்குதாமா. எடுத்து வெக்கச் சொல்லீட்டேன்."

"அப்புடிப் போடு தம்பி!" பெரியப்பா சுண்ணாம்புக் கட்டியால் ஒரு நீளக் கோட்டை இழுத்தார். "என்ற பாட்டன்தான் மூத்தவர்னு வரும் பாரு."

"வர்றது வரட்டும். ஞாயித்துக்கிழமை கோயில்ல வெச்சு எல்லாரு முன்னாலயும் படிச்சிரலாம். வீதி முச்சூடும் வருசையா இருக்குதாமா. உன்ற பாட்டன், என்ற பாட்டன், சின்னப் பையனா நீ, எதுத்த ஊட்டுல உன்ற மாமன், அவரு புள்ளைக, அத்தனை பேரும் வயசோட."

கோடு பாதியில் நின்றது. பெரியப்பா கட்டியை மேசையில் வைத்தார். கையைத் துடைத்தார்.

"ஏப்பா வாத்தியாரே," என்று என் பக்கம் திரும்பினார், "இதுக்குச் சட்டம் என்ன சொல்லுது?"

சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்குக்கு, அதுவும் அட்டாலியில் கிடக்கும் நகலுக்கு, அது பொருந்துமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பொருந்தியது.

"ஆரும் பாக்கக்கூடாதுங்க. படிச்சுக் காட்டறது அதைவிடக் குத்தமுங்க" என்றேன்.

"கேட்டியா? சட்டத்துக்கு மாறா நாம நடக்கலாமா?"

விற்பனை வரி ஆபீஸர் தெருமுனைக்கு வந்தாலே பின்வாசல் வழியாகப் பனியன் பண்டல்களை அடுத்த வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பும் மனிதர் சொன்னது இது. பங்காளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லியே தம்பி? படிக்கலீன்னா மூத்தவர் ஆருன்னு எப்புடித் தெரியும்?"

"உங்க பாட்டனே மூத்தவரா இருந்துட்டுப் போகட்டும். பரிவட்டம் உங்களுக்கே. அந்தக் காயிதத்தை மட்டும் திரும்ப அட்டாலியில போடச் சொல்லீருங்க." பெரியப்பா கட்டியை மறுபடி கையில் எடுத்தார். "போதுங்களா, அண்ணா?"

பங்காளி இத்தனை வருடம் காத்திருந்த சொல் அது. கிடைத்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்த டீயைக் குடிக்காமல் எழுந்தார். "செரி, செரிங்க" என்றார். மரியாதைகூட வந்துவிட்டது. வாசல் வரை போய், குடைக்காகத் திரும்பி வந்து, அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனார்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். பெரியப்பா கோட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"அன்னிக்கு உன்ற பெரியம்மா மாட்டுக்கொட்டாயில என்ன சொன்னான்னு நான் கேக்கமாட்டேன்."

"சொல்லவும் மாட்டேனுங்க."

"நாலு வயசுல எனக்கு ஆட்டுக்குட்டி காட்டறதுக்கு இடுப்புல தூக்கீட்டுப் போனவ அவ. ஒரு தடவ ஓடையில கீழ போட்டுட்டா. இங்க பாரு தழும்பு." புருவத்தைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு மறந்து போச்சுன்னு நெனச்சுட்டு இருக்கறா. இருக்கட்டும். அவளுக்குப் பொய் சொல்ல வராது. சர்க்காருக்கு நெசத்தச் சொல்லீருவான்னு தெரியும். அதுக்குத்தான் என்ற வயசை அவ வயசுக்கு மேல ஒண்ணு கூட்டி வெச்சேன். என்னிக்காச்சும் ஆராச்சும் பாத்தா அவ சின்னவளா இருக்கோணுமல்ல?"

அம்பத்தொன்பதுக்குப் பரிவட்டம் காரணம் என்று கண்டுபிடித்த சரித்திர ஆசிரியன் மேசை மேலிருந்த வெட்டுத்துணித் துண்டு ஒன்றை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை அவகிட்டச் சொல்லீராதே கண்ணு."

"சட்டமே அதாங்க பெரியப்பா."

கும்பாபிஷேகம் சிறப்பாக நடந்தது. பங்காளிக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அது கொஞ்சம் பெரிதாக இருந்து அடிக்கடி அவர் கண்ணை மறைத்தது. பெரியப்பா இரண்டாவதாக நின்று தீர்த்தம் வாங்கி, முகத்தில் தடவிக்கொண்டார். அந்தக் குடும்ப வரலாற்றை நான் பிறகும் எழுதவில்லை. இந்தப் பக்கங்களில் ஒருவருக்கும் பெயர் போடாததற்குக் காரணம் அந்த ரகசியச் சட்டம்தான். நான் இன்னும் கணக்கெடுப்புப் பணியில் இருப்பதாகத்தான் நினைப்பு.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியம்மா, முன்வரிசையில் பரிவட்டத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டே சாப்பிடும் பங்காளியைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார்.

"அந்தக் குதி குதிச்சாரே, கடைசீல ஏன் கண்ணு இப்புடி உட்டுக் குடுத்துட்டாரு?"

"சட்டத்துக்குக் கட்டுப்பட்டாருங்க பெரியம்மா."

பெரியம்மா தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார்.

"பாவம்," என்றார், "ஒண்ணுந் தெரியாத மனுசன்."